தூமென் வைத்த ஜன்னல்

அந்தக் கண்ணாடியை நானும் தூமெனும் சேர்ந்துதான் தூக்கி வந்தோம். நகரத்துக்குள்ளே ஒரு பழைய பள்ளிக்கூடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். தூமெனுக்கு அங்கே இடிக்கிற வேலை. ஜன்னலையெல்லாம் உடைத்துக் கீழே தள்ளச் சொன்னார் மேஸ்திரி. இவன் ஒன்றை மட்டும் உடைக்காமல் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு எனக்கு ஆள் விட்டான். கையை விரித்தால் இரண்டு ஓரமும் எட்டாது, அத்தனை அகலம். பேருந்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேட்டுக்குடியிருப்பு வரைக்கும் நடந்தே வந்தோம்.

"மச்சான், மெதுவா. மச்சான், கல்லு கெடக்கு. மச்சான், அந்த நாயப் பாத்து."

"ஏன்டா, கண்ணாடியத் தூக்குறமா, புள்ளையத் தூக்குறமா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். வரப்போற புள்ளைக்குத்தான இது."

அவன் பெண்டாட்டி ஓயுனா என் கூடப் பிறந்த தங்கை. அப்போது அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. ஒரே வேலிக்குள் இரண்டு குடித்தனம். என்னுடையது கம்பளிக் கூடாரம். உச்சியில் இருக்கிற வளையத்தின் வழியாக வெயில் வட்டமாக விழும், அவ்வளவுதான் எனக்கு வெளிச்சம். அவர்களுக்குத் தூமென் பலகையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். தெற்குச் சுவரில் பெரிய ஓட்டையாக விட்டிருந்தான். குளிர் வரப்போகிற நேரத்தில் யாராவது இப்படிச் சுவரைத் திறந்து வைப்பார்களா என்று பக்கத்து வேலி புஜ்மா அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அது எதற்கு என்று எனக்குத் தெரியும். ஓயுனாவின் கன்னத்துக்காக.

நாங்கள் ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளைகள். ஒரு கொடுங்குளிரில் மந்தை மொத்தமும் நின்றபடியே விறைத்துச் செத்த பிறகுதான் நகரத்துக்கு வந்தோம். பனியின் மேல் பட்டுத் திரும்புகிற வெயிலும் வசந்தகாலக் காற்றும் சின்ன வயதிலேயே அவள் முகத்தைத் தின்றுவிட்டன. கன்னம் இரண்டும் செக்கச் சிவந்து வெடித்து, பிறகு காய்ந்து கறுப்புத் திட்டாக நின்றுவிட்டது. அவள் வேலை பார்த்த தையல் கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ மாட்டுக்காரி, உன் மூஞ்சிய ஆடு மேஞ்சிருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வெளியே கிளம்பினால் கண் மட்டும் தெரிகிற மாதிரி முக்காடு, முழங்கை வரைக்கும் கையுறை. கோடையிலும் அப்படித்தான்.

தூமென் அந்தக் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தான். சுற்றிலும் கண்ணாடி ஒட்டுகிற மாக்கலவையைப் பிசைந்து அப்பி, விரலால் நீவிக்கொண்டே வந்தான். கடைசி மூலைக்கு வந்ததும் நீவாமல், கட்டை விரலை அப்படியே வைத்து அழுத்தினான். ரேகை முழுதாகப் பதிந்தது.

"இது என்னடா?"

"கையெழுத்து மச்சான். நாளைக்கு எம்பொண்ணு கேப்பா, யாரு வச்ச ஜன்னலுன்னு." அவனுக்குப் பெண்தான் பிறக்கும் என்று எப்படியோ தெரிந்திருந்தது. "இனிமே எம்புள்ள வெயில மட்டும் குடிக்கும். காத்தக் குடிக்காது. அவ ஆத்தா மாதிரி மூஞ்சி வெடிக்காது."

"என் மூஞ்சிக்கு என்னவாம்?" என்றாள் ஓயுனா, கண்ணாடிக்கு வெளியேயிருந்து.

"உன் மூஞ்சிக்கு என்ன, அதுல ரொட்டியே சுடலாம்."

அவள் ஈரத்துணியைச் சுருட்டி எறிந்தாள். அது கண்ணாடியில் பட்டு வழிந்தது. கண்ணாடியின் அந்தப் பக்கம் நின்று அவள் சிரித்தது எனக்கு இன்னும் தெரிகிறது.

இலை உதிர்கிற மாதத்தில் நந்தின் பிறந்தாள். எங்கள் பக்கத்தில் குழந்தையைப் பார்த்து அழகு என்று யாரும் சொல்ல மாட்டோம். கெட்ட ஆவி எதன் காதிலாவது விழுந்து, எடுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். அதனால் பார்க்க வருகிற ஆளெல்லாம் திட்டிவிட்டுத்தான் போவார்கள். புஜ்மா அக்கா வாசலிலேயே ஆரம்பித்தாள். "அய்யய்யே, இதென்னடி இது, இவ்வளவு அசிங்கமா ஒண்ணு! நாய்கூடத் திரும்பிப் பாக்காதே!" தூமென் பெருமை தாங்காமல், "ஆமாக்கா, ரொம்ப அசிங்கம், ரொம்ப அசிங்கம்" என்று எல்லாருக்கும் உப்புத் தேநீர் ஊற்றினான்.

பெண் பிள்ளைக்கு இரட்டைப்படை வயதில் முதல் முடி எடுக்க வேண்டும். இரண்டு வயது முடிகிறபோது செய்துவிடலாம் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். குழந்தை நீலப் பட்டு கட்டிய கத்தரியோடு ஒவ்வொரு ஆளிடமும் போய் நிற்கும். அவரவர் ஒரு கற்றை வெட்டிப் பையில் போட்டு, ஒரு பரிசு கொடுத்து, வாழ்த்துவார்கள்.

"தூக்கிட்டெல்லாம் போகக் கூடாது" என்றான் தூமென். "அவளே நடந்து வரணும். நான் கடைசியா உக்காந்திருப்பேன். எல்லாரையும் தாண்டி எங்கிட்ட வரணும்."

அந்தக் குளிர்காலத்தின் நடுவில், கட்டிட வேலையில், உறைபனி பிடித்த சாரத்திலிருந்து தூமென் விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இதைப் பற்றி நான் அதிகமாக எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு ஓயுனா அழுது நான் பார்த்தது குறைவு. அவள் தையல் கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். கம்பளிச் செருப்புக்கு மேல்தையல் போடுகிற வேலையை வீட்டுக்கே வாங்கி வந்தாள். விடிந்ததும் நந்தினைத் துணியில் இறுகச் சுற்றிக் கயிறு கட்டி, ஜன்னலடியில் படுக்க வைப்பாள். வெயில் நகர நகரக் குழந்தையையும் நகர்த்துவாள். ஆளிடம் பேசுகிற மாதிரி ஜன்னலிடம் பேசுவாள்.

"கொஞ்ச நேரம் வச்சிருங்க, தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்."

ஒருநாள் நான் உள்ளே இருக்கும்போதே இப்படிச் சொன்னாள். என்னிடம் சொல்கிறாள் என்று நினைத்து, "சரி, போய்ட்டு வா" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான், அது என்னிடம் சொன்னதில்லை என்று புரிந்தது. நான் அடுப்பில் நிலக்கரியைத் தள்ளினேன்.

கோடை வந்தது. மற்ற வேலிகளில் பிள்ளைகள் சட்டையில்லாமல் புழுதியில் உருண்டார்கள். நந்தின் ஜன்னலுக்கு உள்ளேயே இருந்தாள். வெளியே எடுத்தால் தலையிலிருந்து கால் வரைக்கும் துணி, அதற்கு மேல் வெயில் படாமலிருக்கப் பூசுகிற களிம்பு, அதற்கு மேல் குடை. மூக்கு நுனியில் கண் படாமலிருக்க அடுப்புக்கரி.

"ஏன் தாயி, கொஞ்சம் வெளிய விடேன். காத்தாடட்டும்."

"வெயில் வேணுமின்னா உள்ளயே இருக்குண்ணே. இந்தக் குடியிருப்புலயே எம்புள்ளைக்குத்தான் அதிக வெயில். வேற யாரு வீட்டுல இருக்கு இந்த மாதிரி?"

உண்மைதான் என்றுதான் எனக்கும் பட்டது. ஜன்னலடியில் வெயில் குளம் மாதிரி நிற்கும். கையை வைத்தால் சுடும். குழந்தையும் பால் நிறத்தில் இருந்தாள், ஒரு மரு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. "ஐயோ, என்ன அசிங்கம்" என்று வந்தவர்களெல்லாம் திட்டினார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. குழந்தைக்குத் தலை மட்டும் எப்போதும் வேர்த்திருந்தது. பின்னந்தலை தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. தூக்கத்தில் தூக்கிவாரிப் போடும். அவள் வயதுப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுகின்றன. இவள் பிடித்து நிறுத்தினால் முனகி உட்கார்ந்துவிடுவாள். மணிக்கட்டு தடித்திருந்தது. நிற்க வைக்கும்போது கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்தன.

நான் பள்ளிக்கூட வெந்நீர்க் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளுகிறவன். இதெல்லாம் எனக்கு என்ன தெரியும். சோம்பேறிப் பிள்ளை, மெதுவாக நடக்கும் என்று ஓயுனாவிடம் சொன்னேன். அவளும், "அவ அப்பா மாதிரி, எல்லாத்துக்கும் லேட்டு" என்றாள்.

வெள்ளை மாதப் புத்தாண்டுக்குப் புஜ்மா அக்கா வந்தாள். ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டே குழந்தையைக் கையில் வாங்கி, வழக்கம்போல் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். கால்களைப் பார்த்தாள். மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். பிறகு மெதுவாக, "எவ்வளவு அழகா இருக்கா" என்றாள்.

அவ்வளவுதான். ஓயுனாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊரில், திட்ட மனசு வராத அளவுக்கு ஒரு குழந்தை நோயில் இருந்தால்தான் அழகு என்று சொல்வார்கள்.

"அக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வாய் தவறி வந்துருச்சுடி."

"திட்டுங்கக்கா. எப்பவும் போலத் திட்டுங்க."

புஜ்மா அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவளுக்குத் திட்டு வரவில்லை.

மறுவாரம் நாங்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனோம். மருத்துவர் சோல்மோன் வயதில் சின்னப் பெண், ஆனால் அவசரப்படாதவள். குழந்தையின் தலையை, விலாவை, மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். படம் எடுக்கச் சொன்னாள். ரத்தமும் எடுத்தார்கள். பிறகு உட்கார வைத்துப் பேசினாள்.

"எலும்பு மெத்துன்னு இருக்குக்கா. வைட்டமின் டி ரொம்பக் கொறைவு. புள்ள வெயில்ல இருக்கறதே இல்லையா?"

ஓயுனாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "வெயில்லயா? நாள் பூரா வெயில்லதாம்மா இருக்கு. எங்க வீட்டு ஜன்னல் மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது. வந்து பாருங்க."

"ஜன்னலத் தொறந்து வச்சா?"

"எப்படித் தொறக்கறது, காத்து அடிக்குமே. அது தொறக்காது. ஒரே கண்ணாடி."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, வெயில்ல வெளிச்சம் இருக்கு, சூடு இருக்கு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிரும் இருக்கு. எலும்புக்கு வேண்டியத ஒடம்பு தயார் பண்றது அந்தக் கதிராலதான். அது நேரா தோல் மேல படணும். கண்ணாடி அத விடாது."

"விடாதுன்னா?"

"அங்கயே நிறுத்திரும். நாள் பூரா உக்காந்தாலும் உள்ள வராது."

"பால் குடுத்தேனே. நல்லாத்தான் குடிச்சுது."

"நீங்களும் முக்காட்டை எடுக்கறதில்லையே. உங்க ஒடம்புலயே இல்லாதப்போ பால்ல எப்படி வரும்?"

ஓயுனா தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அப்போ, அந்த ஜன்னல் வழியா என்னதாம்மா வந்துச்சு?"

"வெளிச்சம் வந்துச்சு. சூடு வந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். தினமும் கொடுக்க வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது. குளிர்காலத்தில் நம்முடைய வெயில் சரிந்து வருவதால் வெளியே இருந்தாலும் பலனில்லை, மருந்துதான். வசந்தம் வந்து, உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகிற நேரம் பார்த்து, கைகாலைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே வைத்திருங்கள், முகத்துக்குத் தொப்பி போடுங்கள், தோல் சிவக்கிறதுக்கு முன்னால் நிழலுக்கு வந்துவிடுங்கள் என்றாள். "அதுக்கு மேல இருக்கணும்னா துணி, களிம்பு எல்லாம் போடுங்க. நீங்க பயந்ததும் தப்பில்லக்கா. தோலைச் சுடறதும் அந்தக் கதிர்தான், எலும்பக் கட்டறதும் அதேதான். அதனாலதான் கொஞ்சமா."

வழி முழுக்க ஓயுனா குழந்தையைத் துணியால் மூடிக்கொண்டே வந்தாள். எங்கள் வேலிக்கு வந்ததும், "பொய் சொல்றா" என்றாள்.

சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்தாள். ஆனால் ஐஸ் உருகி, நிழல் குட்டையான பிறகும் குழந்தை ஜன்னலடியிலேயேதான் கிடந்தது. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வேலை முடிந்து வந்த ஒரு மத்தியானம், பொறுக்க முடியாமல் உளியை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னண்ணே பண்ணப் போற?"

"கண்ணாடியக் கழட்டப் போறேன். வெயிலு நேரா வரட்டும். நீதான் வெளிய வர மாட்டேங்கறியே."

உளியை மூலையில் வைத்தேன். அவள் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அங்க வைக்காத! அது அவரு விரலு!"

பார்த்தேன். காய்ந்து கல்லாகிப்போன கலவையில் தூமெனின் ரேகை அப்படியே இருந்தது. என் உளி அதன் மேல்தான் இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, அவரு இதத்தான் வச்சிட்டுப் போனாரு. வேற என்ன இருக்கு எங்கிட்ட? தெனமும் புள்ளைய அவருகிட்ட குடுத்துட்டுத்தான் நான் வேலை பாத்தேன். அவரு பாத்துப்பாருன்னு. அவரு பாத்துக்கவே இல்லைன்னா..." அவள் தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணரை வருஷமா யாருகிட்டண்ணே குடுத்துட்டுப் போனேன் எம்புள்ளைய?"

உளியை வைத்துக்கொண்டு நின்றேன். நந்தின் வெயிலுக்குள் படுத்துக்கொண்டு, கண்ணாடியில் ஊர்கிற ஈயைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சற்றுநேரம் கழித்து ஓயுனாவே எழுந்தாள். குழந்தையின் கயிற்றை அவிழ்த்தாள். கை, கால் எல்லாம் திறந்து, தலைக்குத் தூமெனின் பழைய தொப்பியை வைத்து, தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே போனேன். வேலி ஓரம் ஒரு பலகையில் உட்கார்ந்து, தன் முக்காட்டையும் கையுறையையும் கழற்றி மடியில் வைத்தாள். அவள் முழங்கை எத்தனை வெளுப்பு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. குழந்தைக்குக் காற்றும் நேர் வெயிலும் புதிது, வீறிட்டு அழுதது. இவளும் அழுதாள். புஜ்மா அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

அன்றையிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. வேலிக்கம்பின் நிழலை மிதித்துப் பார்ப்பாள், அளவு சரியானதும் வெளியே வருவாள், தோல் இளஞ்சூடாவதற்குள் உள்ளே போய்விடுவாள். ஆனால் ஜன்னலோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போனால் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இல்லையென்றால் முதுகில் கட்டிக்கொண்டு போனாள். ஜன்னலடியில் செருப்பு மூட்டையை அடுக்கி வைத்தாள். கண்ணாடியில் புழுதி படிந்தது. அவள் துடைக்கவில்லை.

கோடை முடிவதற்குள் நந்தின் நின்றாள். பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள். கால் வளைவு முழுதாகப் போகவில்லை. வளர வளர நிமிரலாம், பார்ப்போம் என்றாள் மருத்துவர்.

முடி எடுக்கிற நாள் வந்தது. வேலிக்குள்ளேயே, வெட்ட வெளியில் கம்பளி விரித்தோம். நல்ல வெயில். லாமா பார்த்துச் சொன்ன வருஷத்தில் பிறந்தவன் நான் என்பதால் முதல் கற்றை என்னுடையது. நீலப் பட்டு கட்டிய மரக்கத்தரியை நந்தின் கையில் கொடுத்து இறக்கிவிட்டாள் ஓயுனா. நிஜக் கத்தரியும் பையும் அவள் கையில். "போ தாயி, மாமாகிட்ட போ" என்றாள்.

நந்தின் என்னைப் பார்த்தாள். கத்தரியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள். இன்னொன்றை வைத்தாள். இரண்டு பக்கமும் ஆடி ஆடி, யாரும் பிடிக்காமல், என் முழங்காலில் வந்து மோதினாள். எனக்கு முடியே தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது. எப்படியோ ஒரு கற்றையை வெட்டினேன்.

அடுத்தது புஜ்மா அக்கா. நந்தின் வாத்து மாதிரி அவளிடம் போனாள். புஜ்மா அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, அந்த வேலிக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "அடச்சீ, என்னடி இது நடை! குதிரை மேல பொறந்தவளாட்டம்! இப்படியொரு அசிங்கத்த நான் பாத்ததே இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். ஓயுனா வாய் விட்டுச் சிரித்தாள். தூமென் போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "இன்னும் திட்டுங்கக்கா" என்றாள். "நல்லாத் திட்டுங்க."

ஒவ்வொருவராக முடிந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஆளும் வெட்டியாயிற்று. அவருக்கு அடுத்து, வரிசையின் கடைசியில், கம்பளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் சொல்லி வைக்கவில்லை. வந்தவர்களே விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓயுனா அந்த இடத்தைப் பார்க்காமல் பையின் வாயைக் கட்டினாள்.

நந்தின் நிற்கவில்லை. காலி இடத்தைத் தாண்டிப் போனாள். ஆடி ஆடி வீட்டுப் பக்கம் போனாள். ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். புழுதி படிந்த கண்ணாடியில் அவள் உருவம் மங்கலாகத் தெரிந்திருக்கும். அல்லது அவள் படுத்துக் கிடந்த இடம் தெரிந்திருக்கும். இத்தனை நாள் அவள் பார்த்துச் சிரித்ததும் பேசியதும் அந்தக் கண்ணாடியிடம்தானே. மற்றவர்களிடம் நீட்டிய மாதிரியே கத்தரியை அதனிடம் நீட்டினாள். காத்திருந்தாள். பிறகு தலையைக் குனிந்து காட்டினாள்.

யாரோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

நந்தின் மரக்கத்தரியால் கண்ணாடியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

ஓயுனா எழுந்து போனாள். குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் கை அந்த மூலைக்குப் போனது. ரேகை இருக்கிற உள்பக்கத்துக்கு நேராக, வெளிப்பக்கம் கண்ணாடியில் தன் கட்டை விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"வா கண்ணு" என்றாள். "அங்க யாரும் இல்ல."

குழந்தை நகரவில்லை. தலையைக் குனிந்தபடியே நின்றாள். வெயில் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஓயுனா தன் முக்காட்டை அவிழ்த்து அந்தக் கழுத்தை மூடினாள். பிறகு தூக்கிக்கொண்டு, நிழல் பக்கமாக, எங்களிடம் வந்தாள்.